ஒரு கட்டி நெகட்டிவ்

பாண்டிருப்பில் என் ஸ்டூடியோவுக்குத்
தெராஷிமா வந்தது கரண்ட் இல்லாத ஒரு பகலில்.
அறுபது வயதிருக்கும். கழுத்தில் பழைய கமரா,
கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிந்தது.
முகம் எடுப்பதில்லையாம்.
மொழிபெயர்க்க வந்த மருதமுனை நிஸ்பான்
சொல்லி முடிக்கமுன் சிரித்துவிட்டேன்.
முப்பது வருசம் முகத்தில் சோறு தின்றவன் நான்.

"மறுகா என்னத்தத்தான் எடுக்கிற?"

ஒரு படம் காட்டினா.
ஒரு சீப்பு. எரிந்த ஊரில் கிடைத்தது.
பற்களெல்லாம் உருகி ஒன்றாகி,
இனி எந்தத் தலையையும் வாராத சீப்பு.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
பிறகு உள்ளே போய்க் கட்டியை எடுத்துவந்தேன்.

தொண்ணூறில் முகாமிலிருந்து உத்தரவு:
வீட்டுக்கு வீடு குடும்பப் படம், பதிவுப் புத்தகத்தில் ஒட்ட.
படத்தில் இல்லாதவர் வீட்டில் இருக்கக்கூடாது.
படத்தில் இருப்பவர் வீட்டில் இல்லாமல் போகக்கூடாது.
நான்தான் எடுத்தேன்.
சைக்கிளில், பெரியநீலாவணை வரைக்கும்.
வேலியோரம் நிறுத்தி, சின்னதுகளை முன்னுக்குக் குந்தவைத்து.
காசு முகாம் தரவில்லை, வீட்டுக்காரர் தந்தார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரிக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நெகட்டிவ் முழுக்க ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.
மார்கழிக் கடல் வந்து டின்னை நிரப்பி
மூன்று நாள் சேற்றில் வைத்திருந்து
திருப்பித் தந்தது. காய்ந்தபோது ஒரே கட்டி.
ஒரு மூலையில் மட்டும் பிரித்துப் பார்த்தேன்.
ஒரு தகப்பனின் நெற்றி உரிந்து
அடுத்த வீட்டுப் பிள்ளையோடு போய்விட்டது.
அதற்குப் பிறகு தொடவில்லை.

"யார் எடுக்கச் சொன்னது?"
நிஸ்பான் என்னைப் பார்த்தான். சொல்லு என்றேன்.

கன நேரம் அவ பேசவில்லை.
பிறகு தன்ட அப்பாவைப் பற்றிச் சொன்னா.
படையோடு பர்மாவுக்குப் போன படக்காரர்.
தோற்ற சேதி வந்த இரவு
நெகட்டிவ் அத்தனையும் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாராம்.
அதுவும் உத்தரவு.
என்ன எடுத்தீர்கள் என்று கேட்டால்
மலை என்பாராம்.
சாகுமட்டும் அதே பதில். மலை.

கட்டியைக் கடல் பக்க ஜன்னலில் வைத்தா.
வெளிச்சம் கீழே இறங்க மூன்று மணித்தியாலம் காத்திருந்தா.
நிஸ்பான் தொழுதுவிட்டு வந்தும் எடுக்கவில்லை.
எடுத்தது ரெண்டு. ரெண்டே ரெண்டு.
என் ஒரு ரீலுக்கு முப்பத்தாறு குடும்பம்.

ஏழு மாதம் கழித்துத் தபாலில் வந்தது.
கட்டியின் விளிம்பு. கறுப்பு அடுக்குகள்,
நடுவே மயிர் போல வெளிச்சக் கோடுகள்.

தங்கேஸ்வரி மாதம் ஒருக்கா வருவா.
வீட்டுப் படத்தை முகாம் கொண்டுபோனது,
மகனை அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு.
மற்றப் பிரதி கட்டிக்குள்.
படத்தை மேசையில் வைத்து
மேலிருந்து விரலால் எண்ணத் தொடங்கினா.
"இது சின்னவன்ட வீடு. இது கண்மணியாக்கள்.
இது கிணத்தடி வளவு, அண்டைக்கு நீங்க
தண்ணி வாங்கிக் குடிச்ச வீடு.
மறுகா எங்கட."
ஒரு கோட்டில் நகம் நின்றது.

டின்னில் ஒழுங்காகவா போட்டேன்?
கைக்கு வந்தபடி போட்டேன்.
சொல்லவில்லை.

"இதப் பாஸ்போட் சைசில வெட்டித் தா மனே."
காணாமல் போனவர் படிவம் பையிலிருந்து வந்தது.
ஆறாவது தரம் நிரப்புறாவாம்.
படம் ஒட்டும் பெட்டி மட்டும் எப்போதும் வெறுமை.

வெட்டினேன். ஓரம் சாயாமல், அளவுகோல் வைத்து.
அவ பசை தடவி, முந்தானையால் அழுத்தி ஒட்டினா.
பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சடித்திருந்தது:
நேராகப் பார்க்க வேண்டும்,
இரண்டு காதும் தெரிய வேண்டும்.